நாற்பத்தொன்றாம் துண்டில் நிற்கும் பஸ்

2025 மே 17, சனிக்கிழமை. 5.50க்கு எழுந்தேன். சர்க்கரை இல்லாத தேநீர், ஒரு கோப்பை. பால்கனியில் வெப்பமானி பதினொரு பாகை காட்டியது. 6.20 முதல் 6.45 வரை முந்தைய நாள் குறிப்பைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தினேன். 7.10க்கு இரண்டு சட்டைகளை அயர்ன் செய்தேன். 8.30க்குக் கடைக்குப் போய் முருங்கைக்காயும் தேங்காய்ப்பாலும் வாங்கி வந்தேன். முருங்கைக்காய் முற்றல் என்று மனைவி சொன்னாள். 9.35க்கு நீலக் கோப்பு, அளவு நாடா, பேனா இரண்டு ஆகியவற்றுடன் எங்கள் தோட்டக் குடியிருப்புக்கு நடந்தேன். பத்து மணிக்கு அங்கே பஸ்ஸண்ணையின் பஸ்ஸுக்குத் தீர்ப்பு.

ஜெர்மனி முழுவதிலும், ஓடாத பஸ் ஒன்றை எட்டு வருடம் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் பஸ்ஸண்ணை. இதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை. நான் தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் தோட்டச் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் பெர்லினில் எங்கள் நொய்கெல்ன் பகுதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பஸ்ஸண்ணை என்றால் கோயில் ஐயரிலிருந்து கோழிக்கடைத் துருக்கியர் வரை வழி காட்டுவார்கள். அவர் பஸ் ஓட்டுநரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. இருபத்தேழு வருடம் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவி ஓய்வு பெற்றவர். ஓட்டுநர் உரிமம் எடுத்ததே இல்லை. ஆனால் பிரித்தானியாவில் ஒரு தட்டு பஸ்ஸின் கூண்டு எந்தக் காலத்தில் எப்படி மாறியது, ஏன் மாறியது, மாறியபோது வாசல் எங்கே போனது என்று கேட்டால், பதில் முடிவதற்குள் நாம் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியிருக்கும்.

ஒரு தட்டு பஸ் என்பதைக் கவனிக்க வேண்டும். பெர்லின்காரர்கள் தங்கள் மஞ்சள் மாடி பஸ்ஸைப் பற்றிப் பெருமைப்பட்டால் அவருக்குப் பொறுக்காது.

"மாடி வைக்கிறது கெட்டித்தனமே, தம்பி? இடம் காணாதெண்டால் ஆரும் மேலை ஒண்டு ஏத்தலாம். ஒரே தட்டிலை, அவ்வளவு சனத்தையும் இருத்தி, எஞ்சினுக்கும் இடம் விட்டு, வாசலும் வைக்கிறான் பார், அவனுக்குத்தான் மூளை."

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மூன்று வாரம் போவார். கோபுரம், ஆறு, அரண்மனை எதையும் பார்க்க மாட்டார். பழைய பஸ்களைக் காட்சிக்கு நிறுத்தும் இடங்களாகத் தேடிப் போய், நாடாவை எடுத்து அளப்பார். ஒருமுறை நான் கேட்டேன்: "அண்ணை, மகாராணி இருந்த மாளிகையாவது பாத்தனியளோ?"

"பாத்தனான். வெளியாலை நிண்டு. முகப்பு சரியான தட்டை."

இங்கேயும் அப்படித்தான். நகர பஸ்ஸில் ஏறினால் உட்கார மாட்டார். தோளில் பையோடு நடுவில் நின்று, குனிந்து, ஆசனங்களுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சக்கரப் பெட்டி எவ்வளவு இடம் தின்கிறது என்பது அவருடைய கவலை. ஒருநாள் நானும் கூடப் போனேன். அவர் குனிந்து நிமிர்வதற்குள் நாலைந்து பேர் அடுத்த நிறுத்தத்தில் அவசரமாக இறங்கி ஓடிவிட்டார்கள். சாதாரண உடுப்பில் வரும் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்திருக்கிறார்கள்.

"பாத்தியோ தம்பி," என்றார் அவர் திருப்தியோடு, "இறங்கிற வாசல் அகலமா இருந்தால் சனம் எவ்வளவு கெதியா இறங்குது."

இனி எங்கள் தோட்டக் குடியிருப்பு. ரயில் பாதையோரமாக வரிசையாகத் தோட்டத் துண்டுகள். வீட்டில் மண் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடலாம், ஒரு குடில் கட்டலாம். குடிலின் பரப்புக்கு விதி, வேலியின் உயரத்துக்கு விதி, ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாமல் இருப்பதற்கு விதி. அந்த விதிகளைக் காக்கும் சங்கத்தின் செயலாளர் நான். தலைவர் ஹெர் க்ரூகர், ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோஜா வெட்டுகிறவர். எங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. சங்கத்தில் எங்களை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

எட்டு வருடத்துக்கு முன்பு பஸ்ஸண்ணைக்கு நாற்பத்தொன்றாம் துண்டு கிடைத்தது. பழைய குடில் உக்கிப்போயிருந்ததால் இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டார். மரத்தால் ஆன குடில், விதிக்குட்பட்ட அளவு என்று விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரு பஸ் நின்றது.

மரச்சட்டம், ஒட்டுப்பலகை, மேலே அலுமினியத் தகடு. அடியில் பச்சை, மேலே வெண்மஞ்சள். பழைய பிரித்தானிய முறைப்படி முன்னால் இடப்பக்கம் எஞ்சின் மூக்கு நீண்டிருந்தது. அதன் பக்கத்தில், வலப்புறம், ஓட்டுநருக்கு மட்டும் ஒரு தனிச் சிற்றறை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் காஸ் அடுப்பு. நான் நாலு முறை அளந்தேன். அளவு விதிக்குள் இருந்தது. குடிலுக்கு என்ன வடிவம் இருக்கக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஹெர் க்ரூகர் மூன்று நாள் தேடினார்.

அந்த ஓட்டுநர் சிற்றறையிலிருந்து பயணிகள் பக்கத்துக்கு வழி கிடையாது. நடுவில் கண்ணாடி. அதுதான் அசல் அமைப்பு என்பதால் அவர் அப்படியே கட்டினார். ஞாயிறு பின்னேரங்களில் அவர் முன்னால் ஸ்டியரிங்குக்குப் பின் இருப்பார். அவருடைய மனைவி மலர் அக்கா பின்னால் பயணிகள் ஆசனத்தில் இருப்பார். தேநீர் கொடுக்க வேண்டுமென்றால் மலர் அக்கா பின்கோடியில் இடப்பக்கம் இருந்த வாசலால் இறங்கி, முழு பஸ்ஸையும் சுற்றி வந்து, சிற்றறைக் கதவைத் தட்ட வேண்டும். ஏதாவது சொன்னால் கண்ணாடியில் அவருடைய வாய் அசைவது மட்டும் தெரியும்.

"உங்களுக்கு இது கரைச்சலா இல்லையோ, அக்கா?" என்று கேட்டேன்.

"என்ன கரைச்சல்? நாங்கள் கலியாணம் கட்டி முப்பத்தஞ்சு வருஷம். இதைவிட நல்ல டிசைன் இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை," என்றார் மலர் அக்கா.

வாசல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரித்தானிய பஸ்ஸுக்கு வாசல் இடப்பக்கம். நாற்பத்தொன்றாம் துண்டில் இடப்பக்கம் பக்கத்துத் தோட்டக்காரி ஃப்ராவ் லேமனின் வேலிச்செடி. வலப்பக்கம் புல்வெளி, பாதை, மேசை, எல்லாம் விசாலமாக இருந்தன. வாசல் மட்டும் வேலிக்கு ஒன்றரை அடி தள்ளி. வருகிற விருந்தாளிகள் வயிற்றை உள்ளிழுத்து, தட்டத்தைத் தலைக்கு மேலே பிடித்து, நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து போய் ஏறுவார்கள்.

"அண்ணை, வலப்பக்கம் ஒரு கதவு வெட்டினால் என்ன?"

"தம்பி, நீ உன்ரை சேட்டிலை முதுகுப்பக்கம் பொத்தான் வைப்பியோ?"

"அப்ப பஸ்ஸைத் திருப்பி வைச்சிருக்கலாமே?"

"பஸ்ஸின்ரை முகம் கேற்றைப் பாத்துத்தான் நிக்கவேணும். றிவேசிலை எடுக்கிற பஸ் டிப்போவிலைதான் நிக்கும்."

முதல் வருடத்திலேயே கூரையோரமாக ஒரு கயிறும், அதன் நுனியில் ஒரு மணியும் கட்டினார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்தம், இரண்டு தட்டு தட்டினால் புறப்பாடு. அதை அடிக்க வேண்டியவர் கொண்டக்டர். கொண்டக்டர் நான் என்று அவரே முடிவு செய்தார்.

"நீதான் எல்லாத்தையும் எழுதிக்கொண்டு திரியிறாய். பொருத்தமான ஆள்."

"அண்ணை, நான் சங்கச் செயலாளர். பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு பெல் அடிக்க ஏலாது."

"ஓம், ஓம். ஆறுதலா யோசி. நான் நிக்கிறன்."

அன்றிலிருந்து பஸ் நின்றது. ஓட்டுநர் தானே மணி அடித்துக்கொண்டு புறப்படுவது முறையில்லை. பயணி அடிக்கக்கூடாது. ஆகவே எட்டு வருடமும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணிக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு முறை நான் இறங்கும்போதும் பின்னால் திரும்பாமலே கேட்பார்: "இண்டைக்கும் இல்லையோ?"

மற்றவர்கள் குடில் கட்டினால் அது கட்டியபடி நிற்கும். பஸ்ஸண்ணையின் குடில் வளர்ந்தது. மூன்றாம் வருட வசந்தத்தில் மூக்கை அறுத்தெறிந்தார்.

"எஞ்சினை முன்னுக்கு வைச்சால் எவ்வளவு இடம் வீண், தெரியுமோ? அதைத்தான் அவங்களும் யோசிச்சவங்கள். எஞ்சினைப் படுக்கப் போட்டு நிலத்துக்குக் கீழை தள்ளினாங்கள். முகப்பு தட்டையா வந்துது. வாசல் முன்னுக்கு, டிறைவருக்குப் பக்கத்திலை வந்துது. டிறைவரே டிக்கெட்டும் குடுக்கலாம்."

"அப்ப கொண்டக்டர் தேவையில்லை?" என்றேன், ஒரு நம்பிக்கையோடு.

"அது லண்டனிலை. இஞ்சை ஆள் இருக்கு."

எஞ்சின் தளத்துக்குக் கீழே போனபோது அடுப்பும் கீழே போனது. தளத்தை உயர்த்தி, ஏறுவதற்கு மூன்று படி வைத்தார். படி ஏறத் தெரிந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சமைப்பவருக்குத்தான் பிரச்சினை. மலர் அக்கா ஒரு பலகையில் மல்லாந்து படுத்து, பஸ்ஸுக்கு அடியில் வழுக்கிப் போய், கையை நீட்டி ஆட்டிறைச்சிக் கறியைக் கிண்டினார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"இஞ்சருங்கோ!" என்று கீழிருந்து குரல் வந்தது. "நான் என்ன மெக்கானிக்கோ? உப்புப் பாக்கிறதுக்கே எனக்கு ஒரு டோர்ச் லைட் வேணும்!"

"லண்டனிலையும் மெக்கானிக்மார் இதைத்தான் சொன்னவங்கள்," என்றார் பஸ்ஸண்ணை மிகுந்த மரியாதையோடு. "அதுக்காகத்தான் பிறகு எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டு போனது."

ஐந்தாம் வருடம் அடுப்பு பின்னுக்குப் போனது. செத்தல் மிளகாய் வறுத்த முதல் நாளே ஃப்ராவ் லேமன் வேலிக்கு மேலாக இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவருக்கு வயது எழுபத்தொன்பது. புகை பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். நான் முத்திரை குத்திக் கோப்பில் வைத்தேன். பஸ்ஸண்ணை மன்னிப்புக் கேட்கவில்லை. புகைக்குழாயை வலப்பக்கம் திருப்பிவிட்டு, "மன்னிக்க என்ன இருக்கு? டிசைன் பிழை. திருத்தியாச்சு, வந்து பாக்கச் சொல்லு," என்றார். ஃப்ராவ் லேமன் பார்க்க வந்தார். இடப்பக்கம் மூன்றாம் ஆசனத்தில் இருந்தார். அந்த ஜன்னலால் பார்த்தால் அவருடைய சொந்தத் தோட்டம் முழுதும் வேலிக்கு மேலாகத் தெரிந்தது. தன் தக்காளிச் செடிகளை இவ்வளவு அழகாக ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். அடுத்த வாரமும் வந்தார். அதன் பிறகு மூன்றாம் ஆசனத்தில் வேறு யாரும் இருப்பதில்லை.

போன வருடம் மலர் அக்காவுக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவருக்கு மூன்று படி என்பது மூன்று மலை. கோடைகாலம் முழுதும் வெளியே, மேசையருகே, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பஸ்ஸுக்குள் ஃப்ராவ் லேமன் மட்டும் பயணம் செய்தார். செப்டம்பரில் பஸ்ஸண்ணை முன்பாதித் தளத்தை முழுதாகப் பிரித்தார். குளிர்காலம் பூராவும், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைந்தார். ஏப்ரலில் முன்பாதி தரையோடு தரையாக வந்தது. வாசலில் படியே இல்லை. பின்பாதிக்கு மட்டும் இரண்டு படி. அந்தப் பாதியில் எஞ்சின் இருக்கிறதல்லவா!

"லண்டனிலை இது கடைசியா வந்த மாற்றம்," என்று எனக்கு விளக்கினார். "வண்டிலிலை பிள்ளையை வைச்சுத் தள்ளிக்கொண்டு வாறவை, சக்கர நாற்காலியிலை வாறவை, எல்லாரும் நேரை உள்ளுக்கு வரலாம். இவ்வளவு காலமும் எஞ்சினுக்கு எங்கை இடம் எண்டு யோசிச்சவங்கள், கடைசியிலைதான் ஏறிற ஆளை யோசிச்சவங்கள்."

மலர் அக்கா நண்டு போல வேலியோரம் வந்து, காலைத் தூக்காமலே உள்ளே போய், முதலாம் ஆசனத்தில் இருந்தார். "ம், பரவாயில்லை," என்றார்.

பஸ்ஸண்ணை அந்த 'பரவாயில்லை'யை ஒரு வாரம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த உற்சாகத்தில்தான் பிழை விட்டார். தாழ்தளம் வந்ததும் பக்கவாட்டில் சக்கர வளைவுகள் வெறுமையாகத் தெரிந்தன. எங்கேயோ போய் நாலு பழைய பஸ் சக்கரங்களை உருட்டி வந்து பொருத்திவிட்டார்.

ஹெர் க்ரூகர் வேலிக்கு வெளியே நின்று சக்கரங்களைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். எட்டு வருடமாகத் தேடியது இப்போது கிடைத்தது: தோட்டத்துக்குள் வாகனம் நிறுத்தக்கூடாது. நாலு வாரத்துக்குள் வாகனத்தை அகற்ற வேண்டும், அல்லது குத்தகை ரத்து. கடிதத்தைத் தட்டெழுதியவன் நான். கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.

வழி ஒன்று இருந்தது. 'இது பஸ் அல்ல, தோட்டக் குடில்' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தால் போதும். ஹெர் க்ரூகரே அதற்குச் சம்மதித்திருந்தார். நான் எழுதிக்கொண்டு போய் ஸ்டியரிங்குக்கு மேலே வைத்தேன்.

பஸ்ஸண்ணை கண்ணாடி போட்டுப் படித்தார். தாளை மடித்து என்னிடமே தந்தார்.

"ஏலாது, தம்பி."

"ஒரு வரிதானே, அண்ணை. இல்லாட்டில் தோட்டம் போயிடும்."

"இந்த நாட்டுக்கு வந்து நான் எத்தினை அன்ட்ராக்கிலை, விண்ணப்பத்திலை, கையெழுத்து வைச்சிருப்பன்? அப்பாவின்ரை பேரை என்ரை பேரெண்டு போட்டாங்கள், வைச்சன். தொழில், உதவியாள் எண்டு போட்டாங்கள், வைச்சன். அவங்கள் எழுதினதெல்லாம் நான்தான் எண்டு ஒத்துக்கொண்டன். இது நான் செய்தது. இதை இல்லை எண்டு என்ரை கையாலை எழுத மாட்டன்."

முதலாம் ஆசனத்தில் இருந்த மலர் அக்கா முழங்காலைத் தடவினார். "அப்ப அவங்கள் இதை இடிச்சால் நான் எங்கை ஏறி இருக்கிறது?"

பஸ்ஸண்ணை முன்கண்ணாடியால் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் இறங்கும்போது, "இண்டைக்கும் இல்லையோ?" என்று கேட்கவும் இல்லை.

ஆகவே மே 17, காலை 10.00. ஹெர் க்ரூகர் 9.58க்கு வந்தார். வலப்பக்கம் போய் வாசலைத் தேடினார். இல்லை. பின்பக்கம் போனார். அங்கேயும் இல்லை. கடைசியில் நான் வழி காட்ட, அவரும் வயிற்றை உள்ளிழுத்து வேலியோரம் வந்தார். வேலிச்செடி அவருடைய கோட்டில் இரண்டு பொத்தானை அவிழ்த்துவிட்டது. உள்ளே மூன்றாம் ஆசனத்தில் ஃப்ராவ் லேமன் இருந்தார்.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றார் ஹெர் க்ரூகர்.

"போய்க்கொண்டிருக்கிறேன்," என்றார் ஃப்ராவ் லேமன்.

பஸ்ஸண்ணை வெள்ளைச் சட்டை போட்டு ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தார். அவருடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன். அதில் சட்டி பற்றி எல்லாம் சொல்லலாம். பஸ் பற்றிச் சொல்ல மொழிபெயர்ப்பாளன் வேண்டும். நான் நடுவில் நின்றேன்.

"ஒரே கேள்விதான்," என்றார் ஹெர் க்ரூகர். "இது வாகனமா, இல்லையா? ஒரு சொல்லில் பதில்."

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் என்ன சொன்னாலும் 'இல்லை' என்று மொழிபெயர்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இதை நான் எழுத வேண்டியதில்லை, ஆனால் அப்படி நினைத்தது உண்மை.

"ஒரு சொல்லிலை ஏலாது," என்றார் பஸ்ஸண்ணை. "அவரை இருக்கச் சொல்லு. அஞ்சாம் ஆசனம்."

ஹெர் க்ரூகர் இருந்தார்.

"பிரித்தானியாவிலை பஸ் ஒரு இடத்திலை பிறக்கிறதில்லை. சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அதை ஒரு பட்டறை செய்யும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், எல்லாம் அதிலை. கூரை இல்லை, சுவர் இல்லை. இருக்கிறதுக்கு ஒரு பெட்டியைக் கட்டி வைச்சு, காத்துப் படாமல் கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மழையிலை ஒருத்தன் அந்த எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு வேறை ஊருக்குப் போவான். அங்கை இன்னொரு பட்டறை அதுக்கு மேலை பொடி கட்டும். பொடி எண்டால் இந்தக் கூண்டு. ரெண்டும் வேறை வேறை ஆக்கள், வேறை வேறை கெட்டித்தனம். பிறகு ரெண்டையும் ஒண்டாச் செய்யத் தொடங்கினவங்கள். எனக்கு அது பிடிக்கேல்லை, அதை விடு. இவரிட்டைச் சொல்லு: ஓடுறது சேஸிஸ். பொடி ஓடாது. நான் கட்டினது பொடி."

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹெர் க்ரூகர் மூக்குக்கண்ணாடி விஷயத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டார்.

"அடிச்சட்டம் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?"

"கீழை பாக்கச் சொல்லு."

மலர் அக்காவின் பழைய பலகை இன்னும் இருந்தது. ஓய்வு பெற்ற தபால் அதிகாரி அதில் மல்லாந்து படுத்து, பின்பாதிக்கு அடியில் வழுக்கிப் போனார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. "டோர்ச் லைட் வேணுமோ எண்டு கேள்," என்றார் மலர் அக்கா. நான் கேட்டேன். வேண்டும் என்றார்.

ஐந்து நிமிடம் கழித்து முதுகில் மண்ணோடு வெளியே வந்தார். "சிமெந்துக் கல், மரச்சட்டம். வேறு ஒன்றும் இல்லை," என்றார். பிறகு விரலை நீட்டினார். "அப்படியென்றால் இது என்ன?"

சக்கரம்.

எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தோம். நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பஸ்ஸண்ணை மெதுவாக இறங்கி வந்து, வளைவுக்குள் இருந்த கறுப்பு டயரில் கையை வைத்தார். நான் அவரை எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். தன் வடிவமைப்பில் பிழை கண்டால் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

"அந்தாள் சொல்றது சரி," என்றார். "சக்கரம் சேஸிஸின்ரை சொத்து. பொடி கட்டுறவன் சக்கரம் வைக்கிறதில்லை. நான் விட்ட பிழை. மலர், அந்தச் சக்கரம் கழட்டிற சாவியை எடு."

அவரே குனிந்து கழற்றினார். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். யாரையும் உதவ விடவில்லை. நாலையும் கேற்றுக்கு வெளியே உருட்டி, வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெர் க்ரூகருக்கு முன்னால் நின்றார்.

"இப்ப எழுதச் சொல்லு. ஆனால் உள்ளதை எழுத வேணும்."

ஹெர் க்ரூகர் என்னைப் பார்த்தார். அறிக்கை எழுதுவது செயலாளரின் வேலை. நான் கோப்பைத் திறந்து, ஜெர்மன் மொழியில், திருத்தம் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினேன்: 'நாற்பத்தொன்றாம் துண்டில் நிற்பது, அடிச்சட்டம் இல்லாத, பிரித்தானிய முறையில் அமைந்த ஒரு தட்டு பஸ்ஸின் கூண்டு. தாழ்தள வகை. வாகனம் அல்ல. குத்தகைக்காரர் தம் கையால் கட்டியது. குடிலாகப் பயன்படுகிறது. ஆட்சேபம் இல்லை.'

ஹெர் க்ரூகர் படித்தார். 'முறையில்' என்பதற்குப் பின் 'துல்லியமாக' என்று ஒரு சொல்லைத் தன் பேனாவால் சேர்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். முத்திரை குத்தினோம். பஸ்ஸண்ணை அதைத் தமிழில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும், சரியான பெயரை, கீழே எழுதினார்.

"இவ்வளவு காலத்திலை," என்றார், "உள்ளதை எழுதின முதல் கடதாசி."

ஹெர் க்ரூகர் 12.15 வரை ஐந்தாம் ஆசனத்தில் இருந்தார். தேநீர் இரண்டு கோப்பை, ரோல்ஸ் மூன்று.

நான் மாலை 4.00க்கு வீட்டுக்குப் புறப்பட்டேன். கேற்றில் நின்று திரும்பிப் பார்த்தேன். சக்கரம் இல்லாத வளைவுகள் நாலும் வெறுமையாக இருந்தன. அவர் ஆசனத்தில் இருந்தபடி கையை அசைத்தார். முகத்தில் பெருமை இருந்தது. ஆனால் கை மற்ற நாட்களைப் போல ஸ்டியரிங்கில் இல்லை, மடியில் இருந்தது. அன்றும் அவர், "இண்டைக்கும் இல்லையோ?" என்று கேட்கவில்லை.

9.30க்குப் படுத்தேன். தூக்கம் வரச் சிறிது நேரம் எடுத்தது.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. 5.50க்கு எழுந்தேன். தேநீர் குடிக்கவில்லை. வெப்பமானியைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் எந்தச் சத்தமும் எழுப்பக்கூடாது என்பது சங்கத்தின் ஒன்பதாவது விதி. அதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியவன் நான். 6.40க்கு நாற்பத்தொன்றாம் துண்டுக்குப் போனேன். எதிர்பார்த்தபடியே அண்ணை ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தார். முதலாம் ஆசனத்தில் மலர் அக்கா. வேலியோரமாகப் பக்கவாட்டில் நடந்து, இடப்பக்க வாசலால் ஏறி, கதவைச் சாத்தினேன். கயிற்றைப் பிடித்து, மணியை இரண்டு முறை அடித்தேன்.